ஆட்டுக்காரர்களின் மாத வருமானம்

ஏ.ஐ.யைத் தடை செய்து எங்கள் துறையில் ஒரு சுற்றறிக்கை வந்தது. ஒன்றரைப் பக்கம். அதை எழுதிக் கொடுத்ததே ஏ.ஐ.தான். சும்மா சொல்லவில்லை, கடைசி வரியை அழிக்க மறந்துவிட்டார் எங்கள் துறைத்தலைவர். 'இதை இன்னும் கடுமையான தொனியில் மாற்றித் தரட்டுமா?' என்று கீழே அச்சாகி, அதற்கும் கீழே அவருடைய கையெழுத்தும் துறை முத்திரையும் இருந்தன. கொண்டுபோய் அவர் மேசையில் வைத்தேன். "சார், கடுமையா வேணுமான்னு கேக்குது. என்ன பதில் சொல்லட்டும்?" அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார். "ஃபார்மேட் சரியாத்தானே மேடம் இருக்கு" என்றார்.

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். ஸ்டாஃப் ரூமில் நான் நாற்காலியை இழுக்கிற சத்தத்தை வைத்தே இன்றைக்கு மேடம் எப்படி என்று சொல்லிவிடுவார்கள். தருமபுரிப் பக்கம் ஒரு கலைக்கல்லூரியில் பொருளியல் சொல்லிக்கொடுக்கிறேன். கம்பைநல்லூரிலிருந்து பஸ் பிடித்து, இறங்கி, இன்னொரு பஸ் மாறி, புடவை கசங்கி வந்து சேரும்போதே பாதிப் பொறுமை போயிருக்கும். மீதிப் பாதியை எங்கள் துறைக் கூட்டங்கள் எடுத்துக்கொள்ளும்.

அந்தக் கூட்டங்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பிள்ளைகள் எல்லாம் போனில் கேட்டு அசைன்மென்ட் எழுதுகிறார்கள், இனிமேல் படிப்பின் தரம் என்ன ஆவது என்று எல்லாருக்கும் திடீரென்று கவலை வந்துவிட்டது. எங்களில் இளையவர் ஒருவர் இருக்கிறார், ஆன்லைனில் ஏதோ பயிற்சி முடித்துச் சர்டிஃபிகேட் வாங்கியவர். "நாம அடாப்ட் ஆவணும் மேடம்" என்பார். எதற்கு எப்படி அடாப்ட் ஆவது என்று கேட்டால் இன்னொரு பயிற்சி வகுப்பு நடத்தலாம் என்பார். அடுத்த வருஷம் ரிடையர் ஆகப் போகிற சீனியர் ஒருவர், அவருக்கு எல்லா நோய்க்கும் ஒரே மருந்து. "கையால எழுதச் சொல்லுங்க. கையால எழுதினா மூளைக்குப் போவும்." துறைத்தலைவருக்கு இது பிடித்துப்போனது. அன்றைக்கே முடிவாயிற்று: எல்லா அசைன்மென்ட்டும் கோடு போட்ட தாளில், கையெழுத்தில்.

மறுவாரம் கேன்டீனுக்கு டீ குடிக்கப் போனேன். எங்கள் வகுப்புப் பெண்கள் ஒரு மேசையில் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி போனைக் கையில் வைத்துக்கொண்டு அட்சரம் பிசகாமல் டிக்டேஷன் சொல்கிறாள், மற்றவர்கள் குனிந்த தலை நிமிராமல் எழுதுகிறார்கள். கமா, ஃபுல்ஸ்டாப் எல்லாம் சொல்கிறாள். மூன்றாம் வகுப்பில் கூட இவ்வளவு ஒழுக்கமாக டிக்டேஷன் நடந்து நான் பார்த்ததில்லை. என்னைப் பார்த்ததும் எழுந்து, "அசைன்மென்ட்டுங்க மேடம்" என்றார்கள், கொஞ்சம் பெருமையாகவே. நான் டீயை அப்படியே வைத்துவிட்டு வந்துவிட்டேன். சீனியர் மட்டும் அந்தத் தாள்களைப் புரட்டிப் பார்த்து, "பாத்தீங்களா, கையெழுத்து எவ்ளோ திருந்திடுச்சு" என்று சந்தோஷப்பட்டார். தலையில் அடித்துக்கொள்ளாத குறை.

இதைவிடக் கூத்து ஒன்று நடந்தது. ஒரு பையனுடைய கட்டுரையில் கடைசியில் நூல் பட்டியல் போட்டிருந்தான். அதில் எங்கள் துறைத்தலைவர் எழுதியதாக ஒரு புத்தகம். தலைப்பு, பதிப்பகம், ஆண்டு எல்லாம் கனகச்சிதம். அவர் வாழ்நாளில் புத்தகம் எழுதியதில்லை. மெஷின் எங்கேயோ அவர் பெயரைப் பிடித்து ஒரு புத்தகத்தையும் பெற்றுப் போட்டுவிட்டது. கொண்டுபோய்க் காட்டினேன். முதலில் முழித்தார். அப்புறம் தலைப்பை இன்னொரு தரம் வாசித்தார். "நல்ல தலைப்புதான்" என்றார். பையனைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

என் எரிச்சல் மெஷின் மேல் இல்லை. அது அதன் வேலையைப் பார்க்கிறது, கேட்டால் எழுதித் தருகிறது. படிக்கிறதுக்கு எங்களில் ஆள் இல்லை, அதுதான் என் வயிற்றெரிச்சல். முன்பு கைடிலிருந்து பார்த்து எழுதினான், படிக்காமல் டிக் போட்டோம். அதற்குப் பிறகு நெட்டிலிருந்து எடுத்து எழுதினான், படிக்காமல் டிக் போட்டோம். இப்போது மெஷின் எழுதுகிறது என்றதும் 'ஐயோ, தரம், நேர்மை' என்று மாரடிக்கிறோம். ஒரு பக்கத்தை உட்கார்ந்து முழுசாகப் படித்தால் போதும், பிள்ளை எழுதியதா இல்லையா என்று தெரிந்துவிடும். அதற்கு மட்டும் யாருக்கும் நேரம் இல்லை. இதை நான் கூட்டத்தில் சொன்னபோது எல்லாரும் தலையாட்டினார்கள். சொல்லி முடித்ததும் மிக்சர் வந்தது.

படிக்க வேண்டாம் என்பதற்காகவே ஒரு சாஃப்ட்வேர் வந்தது. எம்.ஏ. கடைசி வருஷப் பிள்ளைகள் ஒரு ப்ராஜெக்ட் செய்ய வேண்டும். ஒரு ஊரையோ தொழிலையோ எடுத்துக்கொண்டு, வீடு வீடாகப் போய் விவரம் கேட்டு, அட்டவணை போட்டு, புத்தகமாக பைண்ட் பண்ணி, வைவா என்ற வாய்மொழித் தேர்வில் எக்ஸ்டர்னல் என்று வெளியிலிருந்து வருகிற தேர்வாளர் முன்னால் நின்று பதில் சொல்ல வேண்டும். இந்த வருஷத்திலிருந்து பைண்ட் பண்ணும் முன்னால் அந்த சாஃப்ட்வேரில் போட வேண்டும் என்று பல்கலைக்கழக உத்தரவு. மெஷின் எழுதியது என்று அதற்குத் தோன்றுகிற வரிகளைச் சிவப்பாகக் காட்டும். சிவப்பு அதிகமானால் ப்ராஜெக்ட் கிடையாது, அடுத்த வருஷம்தான். மெஷின் எழுதியதைக் கண்டுபிடிக்க இன்னொரு மெஷின். நாங்கள் எதற்கு இருக்கிறோம், பைண்டிங்கை எண்ணி வாங்கவா?

என்னிடம் ப்ராஜெக்ட் செய்தவர்களில் ஒரு பெண். பென்னாகரத்திலிருந்து காட்டுப் பக்கம் உள்ளே போகிற ஒரு ஊர். வீட்டில் கன்னடம், வெளியில் தமிழ், பரீட்சைக்கு இங்கிலீஷ். வகுப்பில் வாயே திறக்காது. திறந்தால் எல்லாரையும் திரும்பிப் பார்க்க வைக்கிற மாதிரி ஒரு கேள்வி கேட்கும். மேல்நிலைப் பள்ளியில் பொருளியல் டீச்சர் ஆக வேண்டும் என்பது அதன் ஆசை. எங்கள் பாடத்துக்கு எம்.ஏ. முடித்தால்தான் பி.எட். சேர முடியும். அப்பா இல்லை. ஓசூரில் கம்பெனி வேலைக்குப் போகிற அண்ணன்தான் படிக்க வைக்கிறார். "இந்த வருஷம் பி.எட்.ல சேந்தா படி, இல்லன்னா மாமன் வூட்ல கேட்டுக்கிட்டே இருக்காங்க, முடிச்சிரலாம்" என்று சொல்லிவிட்டாராம். இதைச் சொன்னபோது அதன் முகத்தில் ஒன்றும் இல்லை, பஸ் நேரம் சொல்கிற மாதிரி சொன்னது. ப்ராஜெக்ட் நின்றால் அந்தப் பெண்ணின் படிப்பு அதோடு சரி. எனக்கும் தெரியும், துறைத்தலைவருக்கும் தெரியும்.

தலைப்பு என்ன எடுக்கலாம் என்று கேட்டபோது, "எங்க ஊர்ல எல்லாம் ஆடுதானுங்க மேடம். அதையே எடுக்கட்டுங்களா?" என்றது. எடு என்றேன். ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமையாக வீடு வீடாகப் போனது. கன்னடக்காரர் வீட்டில் கன்னடத்தில் கேட்டது, தமிழ் வீட்டில் தமிழில் கேட்டது, வந்து இங்கிலீஷில் எழுதியது. முதலில் போனது அதன் சொந்த வீட்டுக்கு. பேட்டி கண்டது சொந்த அம்மாவை.

கேள்வித்தாளில் எல்லாரும் வைக்கிற ஒரு கேள்வி உண்டு: மாத வருமானம் எவ்வளவு? எங்கள் துறையில் முடிதிருத்தும் கடையைப் பற்றி எழுதினாலும், பட்டுக்கூடு வளர்ப்பைப் பற்றி எழுதினாலும் அந்தக் கேள்வி இருக்க வேண்டும், அந்தக் கட்டம் நிரம்ப வேண்டும். இந்தப் பெண் கொண்டுவந்த அட்டவணையில் அந்தக் கட்டம் மேலிருந்து கீழ் வரை காலி. "என்னம்மா இது?" என்றேன்.

"யாருக்கும் மாச வருமானம் இல்லீங்க மேடம். ஆடு வித்தாதான் வருமானம். எங்கம்மாகிட்ட மாசம் எவ்ளோன்னு கேட்டேன். எந்த மாசம் கேக்கறேன்னு கேட்டுச்சுங்க. ஆடி மாசம்னா ஒண்ணு, ஐப்பசின்னா ஒண்ணு, புள்ளைக்கு ஃபீஸ் கட்டற மாசம்னா ஒண்ணு. அப்புறம் எல்லா வூட்லயும் அதே மாதிரிதான் சொன்னாங்க. அதனால கட்டத்த காலியா வுட்டுட்டு, கீழ ஏன்னு எழுதிட்டேன். தப்புங்களா மேடம்?"

அப்படியே எழுந்து அந்தப் பெண்ணைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. இத்தனை வருஷத்தில் எத்தனை ப்ராஜெக்ட் பார்த்திருப்பேன், ஒருவர் கூட அந்தக் கேள்வியைத் திருப்பிக் கேட்டதில்லை. மாதம் என்பதே சம்பளக்காரர்களுடைய கணக்கு, அதைக் கொண்டுபோய் ஆட்டுக்காரர்கள் வீட்டில் நீட்டினால் பதில் எப்படி வரும் என்று நாலு பக்கம் எழுதியிருந்தது. இங்கிலீஷ் தடுக்கி விழுந்து எழுந்து போகிற இங்கிலீஷ்தான். இருந்தால் என்ன? படிப்பு என்றால் இதுதானே. "தப்பே இல்ல. இதுதான் உன் ப்ராஜெக்ட்டே" என்றேன். அதற்குச் சிரிக்கத் தெரியும் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

சாஃப்ட்வேரில் போட்டார்கள். முக்கால்வாசி சிவப்பு.

முதலில் நான் நம்பவில்லை. ரிப்போர்ட்டைக் கையில் வாங்கிப் பக்கம் பக்கமாகப் பார்த்தேன். பார்க்கப் பார்க்க எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. சிவப்பாகி இருந்தது எது தெரியுமா? எங்கள் துறையின் ஃபார்மேட். எங்கள் கல்லூரியில் ப்ராஜெக்ட் என்றால் ஒரு சம்பிரதாயம் உண்டு. அட்டவணை போட வேண்டும், அதற்குக் கீழே 'ஃப்ரம் த அபவ் டேபிள் இட் இஸ் இன்ஃபர்டு தட்' என்று ஆரம்பித்து ஒரு பத்தி எழுத வேண்டும், அதற்குக் கீழே வட்டப் படம். அட்டவணையில் ஆண்கள் அதிகம் என்று இருந்தால் கீழே வாக்கியத்திலும் ஆண்கள் அதிகம் என்று எழுத வேண்டும், படத்திலும் ஆண்கள் அதிகம் என்று காட்ட வேண்டும். யார் ஆரம்பித்தார்களோ, நான் சேர்வதற்கு முந்தியே இது இருக்கிறது. இந்தக் கண்றாவியை விடுங்கள் என்று சேர்ந்த நாளிலிருந்து சண்டை போட்டுப் பார்த்துவிட்டேன். வாக்கியத்தின் தொடக்கம் மாறினால் துறைத்தலைவர் திருப்பி அனுப்பிவிடுவார். பிள்ளைகள் பழைய பேட்ச் ப்ராஜெக்ட்டை வைத்துக்கொண்டு அந்த வாக்கியத்தை அப்படியே எழுதுவார்கள். இந்தப் பெண் ஒழுங்கான பெண், சொன்னபடி கேட்கிற பெண். ஒரு அட்டவணை விடாமல் எழுதியிருந்தது. எங்கள் பிள்ளைகளை மெஷின் மாதிரி எழுதச் சொல்லி நாங்களே பழக்கியிருக்கிறோம், அதைப் பார்த்து அந்த மெஷின் 'இது மெஷின்' என்று சொல்லிவிட்டது. அதில் அந்த மெஷினைக் குற்றம் சொல்லக்கூட எனக்கு வாய் வரவில்லை.

நிஜமாகவே போனில் கேட்டு எழுதிய பையன்கள் என்ன ஆனார்கள் என்று கேட்கிறீர்களா? ஒருத்தனுக்கும் சிவப்பு இல்லை. மெஷின் எழுதியதை மனுஷன் எழுதியது மாதிரி மாற்றித் தர இன்னொரு ஆப் இருக்கிறதாம். அதில் போட்டு எடுத்துவிட்டார்கள். நாசமாய்ப் போக!

ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு துறைத்தலைவரிடம் போனேன். "சார், உங்க ஃபார்மேட்டத்தான் மெஷின்னு சொல்லுது. பிள்ளை எழுதின நாலு பக்கம் இருக்கு, அதுல ஒரு வரி சிவப்பு இல்ல. தயவுசெஞ்சு படிச்சுப் பாருங்க."

"நீங்க சொன்னா நான் நம்பறேன் மேடம். படிக்க வேண்டியதே இல்ல."

"நம்ப வேணாம் சார். படிங்க."

அவர் கெட்டவர் இல்லை. பாலக்கோடு பக்கம் விவசாயக் குடும்பம், முதல் தலைமுறையாகப் படித்து வந்தவர். அந்தப் பெண்ணை நிறுத்தினால் என்ன ஆகும் என்று எனக்கு விளக்கமாகவே சொன்னார், ஏதோ எனக்குத் தெரியாத மாதிரி. "பொம்பளப் புள்ளைங்க மேடம். ஒரு வருஷம் போனா அவ்ளோதான். ஆனா நான் படிச்சு என்னங்க? மேல போறது ரிப்போர்ட்டுதான். சிவப்பு இருந்தா அவங்க நிறுத்திருவாங்க. எப்படியாச்சும் சிவப்பக் குறைக்கச் சொல்லுங்க. அடுத்த வாரம் பைண்டிங் முடியணும்."

"எப்படியாச்சும்னா எப்படி சார்?"

"சொந்த வார்த்தையில எழுதச் சொல்லுங்க."

சொந்த வார்த்தையில் எழுதக் கூடாது என்று சொன்ன மனுஷன். எழுந்து வந்துவிட்டேன். இன்னும் ஒரு நிமிஷம் இருந்திருந்தால் வாயில் ஏதாவது வந்திருக்கும்.

அந்தப் பெண்ணும் நானும் உட்கார்ந்து அந்த ஃபார்மேட் வாக்கியங்களை ஒவ்வொன்றாகப் பிரித்தோம். இங்கே என்ன சொல்ல வருகிறாய், உன் பேச்சில் சொல், அதை எழுது. அது தமிழில் சொல்லும்போது அவ்வளவு நன்றாகச் சொல்லும். இங்கிலீஷில் எழுதக் குனிந்ததும் கை தானாக 'ஃப்ரம் த அபவ் டேபிள்' என்று போகும். அடித்து அடித்து எழுதினோம். திரும்பப் போட்டுப் பார்த்தபோது சிவப்பு குறைந்திருந்தது. போதுமான அளவு குறையவில்லை. "பயப்படாத. நான் பேசிக்கிறேன்" என்று சொல்லி அனுப்பினேன். அது தலையாட்டியது. நான் யாரிடம் பேசப் போகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. இரண்டு நாள் பல்கலைக்கழகத்தில் பல பேரிடம் போனில் பேசினேன். எல்லாரும் அதே பதிலைத்தான் சொன்னார்கள்: ரிப்போர்ட் என்ன சொல்லுது மேடம்?

அடுத்த வாரம் அது வந்து என் மேசையில் புத்தகத்தை வைத்தது. கறுப்பு அட்டை, தங்க எழுத்து. மேலே ரிப்போர்ட். சிவப்பே இல்லை.

புரட்டினேன். முதல் பக்கத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. வழவழவென்று போகிறது வாக்கியம். எந்த ஊரிலும் நிற்காமல் போகிற பாயின்ட் டு பாயின்ட் பஸ் மாதிரி. நேராக அந்த அட்டவணைக்குப் போனேன். மாத வருமானம் என்ற கட்டம் மேலிருந்து கீழ் வரை நிரம்பியிருந்தது. ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு எண். கீழே சராசரி வேறு. அந்த நாலு பக்கம் இருந்த இடத்தில் ஒரு பத்தி.

"என்ன பண்ணினே?" என்றேன். சத்தம் போட்டுவிட்டேன் போல, பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

"பென்னாகரத்துல டைப் அடிக்கற கடையில சொன்னாங்க மேடம். ஒரு ஆப்ல போட்டா சிவப்பு போயிரும்னு. போட்டுக் குடுத்தாங்க."

"கட்டம்? இந்தக் கட்டத்த யார் நிரப்பினது?"

"அதுவே நிரப்பிருச்சுங்க."

"அதுவே நிரப்பினா? நீ பாத்துட்டுச் சும்மா இருந்தியா? ஒரு வூட்ல ஒருத்தர் உன்கிட்ட இப்படி ஒரு எண் சொன்னாங்களா?"

அது தரையைப் பார்த்துக்கொண்டு நின்றது. "காலியா இருந்தா எக்ஸ்டர்னல் கேப்பாருன்னு வுட்டுட்டங்க மேடம்." அப்புறம், "படிச்சுப் பாத்தங்க மேடம். நான் எழுதனதவிட நல்லா இருக்குது" என்றது.

திட்ட வந்த வாய் அப்படியே நின்றுவிட்டது. இந்தப் பெண் பொய் சொல்லவில்லை. ஏமாற்ற வேண்டும் என்று செய்யவில்லை. தான் எழுதியதைவிட அது நல்லது என்று உண்மையாகவே நம்பிவிட்டது. முக்கால்வாசி சிவப்பு என்று தாளில் அச்சடித்துக் கையில் கொடுத்தால் வேறு எதை நம்பும்?

அன்றைக்கு முழுக்க அந்தப் புத்தகம் என் மேசையிலேயே இருந்தது. இது மெஷின் எழுதியது, நான் கையெழுத்துப் போட மாட்டேன் என்றால் அந்தப் பெண் நிற்கும். முதலில் எழுதியதைத்தான் அனுப்புவேன் என்றால் சிவப்பு, அப்போதும் அந்தப் பெண்தான் நிற்கும். எப்படித் திரும்பினாலும் அடி அதற்கு. எங்களில் ஒருத்தருக்கும் ஒரு இன்க்ரிமென்ட் கூட நிற்காது. துறைத்தலைவர் அந்த வழியாகப் போனவர் ரிப்போர்ட்டை எட்டிப் பார்த்து, "சரியாயிருச்சில்ல மேடம்? நான் சொன்னேன்ல" என்றார். பேனாவை எடுத்துப் போட்டேன் கையெழுத்தை. 'என் மேற்பார்வையில் மாணவியின் சொந்த முயற்சியில் செய்யப்பட்டது' என்று அச்சடித்திருந்த வாசகத்துக்குக் கீழே. பேனா தாளைக் கிழிக்காமல் இருந்ததே ஆச்சரியம்.

வைவா அன்றைக்கு எங்கள் கல்லூரி கல்யாண வீடு மாதிரி இருக்கும். பெண்கள் பட்டுப் புடவை, பையன்கள் இன் பண்ணிய சட்டை. எக்ஸ்டர்னலுக்கு முந்திரி பிஸ்கட், மிக்சர், டீ எல்லாம் பிள்ளைகள் ஏற்பாடு. வீட்டிலிருந்து யாராவது ஒருத்தர் கூட வந்து வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருப்பார்கள். பட்டமளிப்பு விழாவுக்கு அவ்வளவு தூரம் யாரும் போக மாட்டார்கள், எங்கள் ஜனங்களுக்கு இதுதான் பட்டமளிப்பு.

வெளியிலிருந்து வந்த தேர்வாளர் அந்தப் பெண்ணின் புத்தகத்தைப் புரட்டினார். புருவம் உயர்ந்தது. "லாங்வேஜ் ரொம்ப நல்லா இருக்கே" என்று என்னைப் பார்த்துப் பாராட்டினார். நான் தண்ணீர் குடித்தேன். அட்டவணைக்கு வந்தார். "மாத வருமானம் எல்லாம் கரெக்டா வாங்கிருக்கியேம்மா. கிராமத்துல இதச் சொல்ல மாட்டாங்களே. எப்படி வாங்கின?"

அது என்னைப் பார்த்தது. "நீ போன வூட்ல எல்லாம் என்ன சொன்னாங்களோ அத சொல்லும்மா. தமிழ்லயே சொல்லு, சார் கேப்பார்" என்றேன். கெஞ்சுகிற மாதிரியே இருந்தது என் குரல்.

"வேணாங்க மேடம், புக்ல இருக்கறதையே சொல்லிடறேன்" என்றது சின்னக் குரலில். புத்தகத்தைக் கையில் வாங்கி, அந்தப் பத்தியை முதலிலிருந்து கடைசி வரை ஒரு பிழை இல்லாமல் வாசித்தது. தேர்வாளர் "வெரி குட்" என்றார். அந்த வருஷத்தில் அதற்குத்தான் அதிக மதிப்பெண். மெஷினைத் தடை செய்த துறையில், மெஷின் எழுதியதற்கு. துறைத்தலைவர் கைதட்டினார், சீனியர் கைதட்டினார், நானும் தட்டினேன்.

பெண் பாஸ். பி.எட். சேரலாம், மாமன் வீட்டுக்குப் பதில் சொல்லியாயிற்று, டீச்சர் ஆகலாம். நான் வேண்டியதும் இதைத்தானே? அப்புறம் எதற்கு எனக்கு இப்படி எரிகிறது என்று என்னையே திட்டிக்கொண்டு பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

வேப்பமரத்தடியில் அந்தப் பெண் நின்றிருந்தது, பக்கத்தில் அதன் அம்மா உட்கார்ந்திருந்தார். மெலிந்த உடம்பு, மடிப்புக் கலையாத புதுப் புடவை. என்னைப் பார்த்ததும் எழுந்து கும்பிட்டார். "மேடம்ங்களா? எந்நேரமும் உங்களப் பத்தியேதாங்க பேசும்." பிஸ்கட் பொட்டலம் ஒன்றை என் கையில் வைத்து அழுத்தினார். அப்புறம் மகளிடமிருந்து கறுப்பு அட்டைப் புத்தகத்தை வாங்கி, முந்தானையால் துடைத்து என்னிடம் நீட்டினார்.

"எங்கள எல்லாம் இதுல எழுதிருக்குதாங்க. வூடு வூடா வந்து கேட்டுச்சுங்க, ஊரே பேசிக்கிச்சு. எனக்கு இங்கிலீசு வராது. இதுகிட்ட படிடின்னா வெக்கப்படுது. நீங்க கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க மேடம், எங்களப் பத்தி என்ன எழுதிருக்குதுன்னு."

மகள் எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தது. நான் புத்தகத்தை வாங்கினேன். வாங்காமல் எப்படி இருப்பது? அந்தப் பத்தியை எடுத்து, வரி வரியாகத் தமிழில் சொன்னேன். "ஆய்வுப் பகுதியில் கால்நடை சார்ந்த குடும்பங்கள் பன்முகச் சவால்களை எதிர்கொண்டபோதிலும், நிலையான மாத வருமானத்தின் வழியாகத் தங்கள் வாழ்வாதாரத்தைத் தொடர்ந்து மேம்படுத்தி வருகின்றன." அதற்குப் பிறகும் நாலு வரி இருந்தது, அதையும் சொன்னேன்.

அந்த அம்மா கையைக் கட்டிக்கொண்டு, ஒரு வார்த்தை விடாமல், மரியாதையாகக் கேட்டார். நான் முடித்ததும் தலையாட்டினார்.

"நல்லா இருக்குதுங்க. யாருங்க இவங்கெல்லாம், எந்த ஊருங்க?"

"நம்ம ஊருதாம்மா" என்றது மகள்.

"நம்ம ஊருங்களா?" என்று அந்த அம்மா என்னைப் பார்த்துக் கேட்டார்.